மனனத்திலிருந்து மறுமொழிக்கு: வணிகப் பாகமேற்றுப் போட்டிகளின் கதை



'பாகமேற்று நடித்தல்' என்பது தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு நன்கு பழகிய சொல். ஒரு மாணவரைக் கடைக்காரராகவும் இன்னொருவரை வாடிக்கையாளராகவும் நிறுத்தி உரையாட வைப்பதை நாம் அனைவரும் வகுப்பில் செய்திருக்கிறோம். இதே பயிற்சி மேல்நிலையில் ஒரு முழுப் போட்டியாகவே வளர்ந்திருக்கிறது. ஒரு வணிகச் சூழலைத் தாளில் எழுதி மாணவரிடம் கொடுப்பார்கள். சிந்திக்கச் சில மணித்துளிகள் தருவார்கள். பிறகு அவர் ஒரு நடுவர் முன் அமர வேண்டும். அந்த நடுவர் வெறும் நடுவராக இருப்பதில்லை. கடை உரிமையாளராகவோ, மேலாளராகவோ, சினம் கொண்ட வாடிக்கையாளராகவோ அவரும் ஒரு பாகம் ஏற்றிருப்பார்.

இடைநிலைப்பள்ளிக்கும் கல்லூரிக்கும் சென்றுவிட்ட என் முன்னாள் மாணவர்கள் சிலர், இத்தகைய போட்டிகளுக்கு முன்னர் என்னைத் தேடி வருவதுண்டு. அவர்களின் முதல் வேண்டுகோள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "ஐயா, மனப்பாடம் செய்ய ஏதாவது எழுதிக் கொடுங்கள்." அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பேச்சுப் போட்டிக்கும் கவிதை ஒப்புவித்தலுக்கும் நாம்தாம் அவ்வாறு பழக்கியிருக்கிறோம். ஆனால், வணிகப் பேச்சை மனப்பாடம் செய்யலாமா என்னும் வினா நமக்கு மட்டும் உரியதன்று. அதற்கு 130 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தால், போட்டிக்கு எப்படித் தயாராவது என்பதும் தானே விளங்கும் என்பது என் எண்ணம்.

கல்லா இயந்திரமும் ஒரு சிற்றேடும்

கதை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டேட்டன் நகரில் தொடங்குகிறது. அங்கே மதுக்கடை நடத்தி வந்த ஜேம்ஸ் ரிட்டி என்பவர், ஊழியர்கள் கல்லாவிலிருந்து பணத்தை எடுத்துவிடுவதைத் தடுக்க ஒரு வழி தேடினார். விற்பனைத் தொகையைப் பதிவு செய்து காட்டும் இயந்திரம் ஒன்றை உருவாக்கி, 1879இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1884இல் அத்தொழில் ஜான் ஹென்றி பேட்டர்சன் என்பவரின் கைக்கு வந்தது. நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் என்னும் நிறுவனம் அவ்வாறுதான் தோன்றியது.

இயந்திரம் நல்லதுதான். அதை விற்பதுதான் கடினமாக இருந்தது. கடை ஊழியர்கள் அதைத் தங்கள் நேர்மையின் மீது வீசப்பட்ட பழியாகவே கருதினார்கள். விற்பனையாளர் வாசற்படி ஏறும்போதே எதிர்ப்பு கிளம்பியது. இந்நிலையில், பேட்டர்சனின் உறவினரான ஜோசப் கிரேன் என்ற விற்பனையாளர், தாம் ஒவ்வொரு கடையிலும் ஏறத்தாழ ஒரே பேச்சைப் பேசியே வெற்றி காண்பதாகச் சொன்னார். பேட்டர்சன் அந்தப் பேச்சை எழுத்தில் வடிக்கச் செய்து, 1887இல் சிற்றேடாக அச்சிட்டார். விற்பனையாளர் ஒவ்வொருவரும் அதனைச் சொல் பிசகாமல் மனனம் செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டார்.

அந்தச் சிற்றேட்டின் அமைப்பு நம்மை வியக்க வைக்கும். அணுகுதல், முன்மொழிதல், செய்து காட்டுதல், முடித்தல் என நான்கு படிகளாகப் பேச்சு பிரிக்கப்பட்டிருந்தது. வரிகளுக்கிடையே உடுக்குறிகள் இடப்பட்டிருந்தன. அக்குறி வரும் இடத்தில் விற்பனையாளர் இயந்திரத்தின் குறிப்பிட்ட பகுதியைக் கையால் சுட்டிக் காட்ட வேண்டும். கடைக்காரர் எழுப்பக்கூடிய மறுப்புகளுக்கு என்ன விடை தர வேண்டும் என்பதைத் திரட்டி வேறொரு நூலும் வெளியிடப்பட்டது. 1890களில் நிறுவனம் விற்பனையாளர்களுக்கெனப் பயிற்சிப் பள்ளி ஒன்றையும் நடத்தியது. மாதிரிக் கடைகளை அமைத்து, ஒருவர் கடைக்காரராக நடிக்க, மற்றவர் அவரிடம் இயந்திரத்தை விற்றுக் காட்டும் பயிற்சியும் இடம்பெற்றது. வணிகப் பாகமேற்றலின் தொடக்க வடிவங்களுள் ஒன்று இது.

இம்முறை தோற்றது என்று யாரும் சொல்ல முடியாது. 1911ஆம் ஆண்டுக்குள் அந்நிறுவனம் 10 லட்சம் இயந்திரங்களை விற்றுவிட்டது. அங்கே பயின்று உயர்ந்த தாமஸ் வாட்சன், 1914இல் வேறொரு நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். அதுதான் 1924இல் ஐ.பி.எம். என்று பெயர் மாறியது. ஆனால் இதில் ஒன்றை நாம் மறந்துவிடக் கூடாது. பேட்டர்சனின் ஆட்கள் விற்றது ஒரே வகைப் பொருள். வாங்கியவர்களும் ஏறத்தாழ ஒரே வகையினர்; எல்லாரும் கடைக்காரர்கள். அதனால் ஒரே பேச்சு ஊருக்கு ஊர் செல்லுபடியானது. வாங்குபவரும் பொருளும் நொடிக்கு நொடி மாறும் இடத்தில் அது எப்படிச் செல்லும்?

பாஸ்டன் நகரின் எட்டுப் பெண்கள்

அந்த வினாவுக்கு விடை பாஸ்டன் நகரில் பிறந்தது. அந்நாளில் அமெரிக்கப் பெருநகரங்களில் பல்பொருள் அங்காடிகள் பெருகிக்கொண்டிருந்தன. அவற்றில் ஏழைக் குடும்பத்து இளம்பெண்கள் குறைந்த கூலிக்கு விற்பனை ஊழியர்களாக வேலை செய்தார்கள். விற்கும் திறமை பிறவியிலேயே வர வேண்டும், கற்பித்து வராது என்பது அங்காடி நிருவாகிகள் பலரின் கருத்தாக இருந்தது. லூசிண்டா வைமன் பிரின்ஸ் என்ற அம்மையார் அக்கருத்தை ஏற்கவில்லை. பெண்கள் கல்வி தொழில் சங்கம் என்னும் அமைப்பின் ஆதரவில், 1905இல் எட்டே பெண்களைக் கொண்டு ஒரு விற்பனைக்கலை வகுப்பைத் தொடங்கினார்.

நாளின் ஒரு பகுதி வகுப்பில் கழியும். மறுபகுதி உண்மையான கடையில் கழியும். துணி வகைகள், நிறப் பொருத்தம், கணக்கு, உடல்நலம் ஆகியவற்றை அப்பெண்கள் கற்றார்கள். அவ்வகுப்பின் உயிர்நாடி 'செயல்விளக்க விற்பனை' என்னும் பயிற்சி. ஒரு மாணவி வாங்க வந்தவராக நிற்பார். இன்னொருவர் விற்பார். மற்றவர்கள் கவனித்திருந்து, முடிந்ததும் குறைநிறைகளைப் பேசுவார்கள். இன்று நாம் வகுப்பில் செய்யும் பாகமேற்றலுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

பேட்டர்சனின் பயிற்சியிலிருந்து இது எங்கே பிரிகிறது என்று கவனியுங்கள். டேட்டனில் கடைக்காரராக நடித்தவர், மனனம் செய்த பேச்சு பிசகாமல் வருகிறதா என்று சோதிக்கவே நின்றார். பாஸ்டனில் வாடிக்கையாளராக நின்ற மாணவியோ பாடத்தின் நடுப்பொருளாகவே ஆகிவிட்டார். அவர் கையுறை கேட்டு வந்தவரா, வேடிக்கை பார்க்க வந்தவரா, கையில் இருக்கும் காசு எவ்வளவு, அவசரத்தில் இருக்கிறாரா என்பதையெல்லாம் கண்டறிவதுதான் விற்பவரின் முதல் வேலை. அடுத்த நாள் அதே பெண் உண்மையான விற்பனை மேசைக்குப் பின்னால் நிற்பார். அங்கே தாம் கற்றது செல்லுபடியாகிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

பிரின்ஸ் அம்மையாரின் பள்ளி பின்னாளில் சிம்மன்ஸ் கல்லூரியோடு இணைந்தது. அங்கே பயின்றவர்கள் பல ஊர்களில் விற்பனைக்கலை ஆசிரியர்களாகவும் அங்காடிகளின் பயிற்சி அதிகாரிகளாகவும் பணியாற்றினார்கள்.

சிக்கலும் அரியணையும்

இக்காலத்தை ஒட்டி வேறு இரண்டு ஓடைகளும் பெருகி வந்தன.

முதலாவது, ஹார்வர்டு வணிகப் பள்ளி. 1908இல் தொடங்கிய அப்பள்ளிக்கு 1919இல் வாலஸ் டோனம் தலைவரானார். அவர் சட்டம் பயின்றவர். சட்டக் கல்லூரியில் பழைய வழக்குகளை ஆராய்ந்து கற்பதுபோல், வணிகத்தையும் உண்மையான சிக்கல்களைக் கொண்டு கற்பிக்க வேண்டும் என்றார். 1920இல் மெல்வின் கோப்லண்ட் சந்தைப்படுத்தல் சிக்கல்களைத் தொகுத்து முதல் நூலை வெளியிட்டார். "இந்நிலையில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்பதே அம்முறையின் அடிப்படை வினா. இன்று போட்டியாளரின் கையில் தரப்படும் சூழல்தாளில் அந்த வினாவின் சாயலைத் தெளிவாகக் காணலாம்.

இரண்டாவது ஓடை நாடக மேடையிலிருந்து வந்தது. ஜேக்கப் மொரேனோ என்ற இளம் மருத்துவர் வியன்னாவில் வாழ்ந்தார். மனனம் செய்த நாடகங்கள்மீது அவருக்குச் சலிப்பு இருந்தது. 1921ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், ஓர் அரங்கில் வெறும் மேடையும் ஓர் அரியணையும் மட்டும் வைத்தார். நடிகரும் இல்லை, எழுதிய வசனமும் இல்லை. போருக்குப் பின் தலைவனில்லாமல் தவிக்கும் நாட்டுக்கு வழிகாட்டக்கூடிய அரசர் யார், பார்வையாளர்களே மேடையேறிக் காட்டுங்கள் என்றார். அன்று எவரும் அரசராகத் தேறவில்லை என்று மொரேனோவே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1925இல் அவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். மனநல மருத்துவத்திலும் குழுப் பயிற்சியிலும் பாகமேற்றலை ஒரு முறையாக வளர்த்தார்.

அவருடைய கோட்பாட்டில் நமக்கு வேண்டிய கருத்து ஒன்று உண்டு. புதிய சூழலுக்குப் பொருத்தமான மறுமொழி தருவதும், பழைய சூழலுக்குப் புதிய மறுமொழி காண்பதுமே உடனியக்கம் என்று அவர் வரையறுத்தார். 'பொருத்தமான' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வாயில் வந்ததைப் பேசுவது உடனியக்கம் ஆகாது. எதிரில் இருப்பவருக்கும் சூழலுக்கும் பொருந்த வேண்டும். அதற்குப் பயிற்சி தேவை என்பதே அவர் கொள்கை.

சட்டம் திறந்த வழி

பாகமேற்றல் பள்ளிப் போட்டியாக மாறியதற்கு அமெரிக்கச் சட்டங்களும் காரணமாயின. 1917ஆம் ஆண்டின் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் வேளாண்மை, கைத்தொழில், மனையியல் ஆகியவற்றைப் பள்ளிகளில் கற்பிக்க நடுவண் அரசின் நிதியை வழங்கியது. விற்பனைத் தொழிலுக்கு அதில் பங்கில்லை. 1936ஆம் ஆண்டின் ஜார்ஜ்-டீன் சட்டந்தான் 'பகிர்மானக் கல்வி' என்ற பெயரில் விற்பனைத் துறைக்கும் நிதி தந்தது. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது: மாணவர் உண்மையிலேயே கடையிலோ அதுபோன்ற நிறுவனத்திலோ வேலை செய்துகொண்டிருக்க வேண்டும்.

இம்மாணவர்கள் பல மாநிலங்களில் மன்றங்கள் அமைத்தார்கள். அவை இணைந்து 1946இல் டெக்கா என்று இன்று அறியப்படும் அமைப்பு உருவானது. 1947இல் டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் மாநிலங்களுக்கிடையிலான முதல் மாநாடு கூடியது. 17 மாநிலங்கள் அதன் நிறுவன உறுப்பினர்கள். விற்பனைச் செயல்விளக்கம், வேலை நேர்காணல், மேடைப்பேச்சு போன்றவை அதன் தொடக்கக் காலப் போட்டிகளில் இடம்பெற்றன. பாஸ்டன் வகுப்பறையின் பயிற்சி இவ்வாறு போட்டி மேடை ஏறியது.

1963இல் வந்த புதிய தொழிற்கல்விச் சட்டம், மாணவர் வேலையில் இருந்தே தீர வேண்டும் என்னும் நிபந்தனையைத் தளர்த்தியது. வேலை கிடைக்காத சிற்றூர் மாணவர்களும் இதனால் சேர முடிந்தது. அது நல்ல மாற்றமே. அதே வேளையில், வகுப்பறைக்கும் கடைக்கும் இருந்த கட்டாயத் தொடர்பு அறுந்தது. கடையில் நிற்காத மாணவருக்குக் கடையின் அனுபவத்தை வகுப்பறைதான் தர வேண்டியதாயிற்று. பாகமேற்றலின் சுமை கூடியது இங்கேதான்.

பத்து மணித்துளிகள்

இன்று டெக்காவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அதன் தனிநபர் பாகமேற்றுப் போட்டியைப் பாருங்கள். முதலில் 100 வினாக்கள் கொண்ட பல்தெரிவுத் தேர்வு. பிறகு சூழல்தாள். அதில் மாணவர் யார், நடுவர் யார், சிக்கல் என்ன என்பவற்றோடு, எந்தெந்தத் திறன்களுக்கு மதிப்பெண் என்பதும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். படித்துச் சிந்திக்க 10 மணித்துளி. நடுவரோடு உரையாட 10 மணித்துளி. இருவர் குழுவாகச் சேர்ந்து முடிவெடுக்கும் போட்டிகளில் சிந்திக்க 30 மணித்துளியும் உரையாட 15 மணித்துளியும் தருவார்கள். சிந்திக்கும் நேரத்தில் எழுதிய குறிப்புகளைப் பயன்படுத்தலாம். வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வந்தவை செல்லா. உரையாடலின் இறுதியில் நடுவர் சில வினாக்களைத் தொடுப்பார்.

இவ்வமைப்பு எதை வேண்டுகிறது என்பது தெளிவு. தேர்வு, மனனம் செய்த அறிவைச் சோதிக்கிறது. பாகமேற்றல், அந்த அறிவை முன்பின் தெரியாத ஒருவரின் சிக்கலுக்குப் பொருத்தும் ஆற்றலைச் சோதிக்கிறது. இரண்டும் வேண்டும். ஒன்றைக் கொண்டு மற்றதைச் சமாளிக்க முடியாது.

ஆயினும், மனனச் சிற்றேடு இன்னும் மறையவில்லை. "எந்தச் சூழலுக்கும் பொருந்தும்" என்ற பெயரில் ஆயத்தத் தொடக்க வரிகளும் முடிவு வரிகளும் மாணவரிடையே கைமாறிக்கொண்டே இருக்கின்றன. உடுக்குறி மட்டுந்தான் இல்லை.

நாம் தயாராவது எப்படி?

என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் ஒரு சூழலைச் சொல்கிறேன். நீ ஒரு காலணிக் கடையின் துணை மேலாளர். பள்ளி தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. ஓர் அம்மா, மகனுக்கு வாங்கிய பள்ளிக் காலணியின் அடிப்பாகம் பிரிந்துவிட்டது என்று அதைக் கொண்டு வந்து மேசையில் வைக்கிறார். இரசீது தொலைந்துவிட்டது. நீ என்ன செய்வாய்?

மனனம் செய்து வந்தவர், "வாடிக்கையாளரின் மனநிறைவே எங்கள் நிறுவனத்தின் குறிக்கோள்" என்று தொடங்குவார். பிழையில்லாத வாக்கியந்தான். ஆனால் அந்த அம்மாவுக்கு அதனால் பயனில்லை. செவிகொடுக்கத் தெரிந்தவர் முதலில், "நாளைக்குத் தம்பி பள்ளிக்கு எதைப் போட்டுக்கொண்டு போவார், அம்மா?" என்று கேட்பார். அந்த ஒரு வினாவில் சிக்கலின் அவசரம் வெளிப்பட்டுவிடுகிறது. பிறகு இரசீது இல்லாமல் வாங்கிய நாளைக் கண்டறிவது, மாற்றித் தருவதா செப்பனிட்டுத் தருவதா என முடிவெடுப்பது, மேலாளரிடம் எதற்கு ஒப்புதல் பெற வேண்டும் என்று ஆராய்வது எல்லாம் வரிசையாக வந்து சேரும்.

இதை முன்வைத்து, நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான்.

முதலாவதாக, துறைச் சொற்களையும் கருத்துகளையும் ஐயமறக் கற்க வேண்டும். இலாப விழுக்காடு என்றால் என்ன என்று தெரியாதவர் எவ்வளவு செவிகொடுத்தாலும் பயனில்லை. மனனத்துக்கு உரிய இடம் இது.

இரண்டாவதாக, சூழல்தாளைக் கையில் எடுத்ததும் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும். நான் யார்? எதிரில் இருப்பவர் யார்? அவர் எதை இழக்க அஞ்சுகிறார்? மதிப்பெண்ணுக்குரிய திறன்களைக் குறிப்புத்தாளில் தலைப்புகளாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு சொற்கள் மட்டும் எழுத வேண்டும். முழு வாக்கியம் எழுதினால் கண் தாளிலேயே தங்கிவிடும்.

மூன்றாவதாக, ஒரே சூழலை மூன்று வேறு நடுவர்களோடு பயில வேண்டும். ஒருவர் பொறுமையானவர். ஒருவர் இடைமறிப்பவர். ஒருவர் பேசவே பேசாதவர். பேசாதவரிடந்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். ஒரே பேச்சு மூவருக்கும் பொருந்தாது என்பதை மாணவர் தாமாகவே அங்கே கண்டுகொள்வார்.

நான்காவதாக, கடைக்குப் போக வேண்டும். நம் வட்டாரத்து மளிகைக் கடையிலோ சந்தையிலோ, உரியவரின் ஒப்புதலோடு ஒரு மணி நேரம் ஓரமாக நின்று கவனிக்கச் சொல்கிறேன். நாளைக்குத் தருகிறேன் என்று கடன் கேட்பவரிடம் கடைக்காரர் எப்படிப் பேசுகிறார்? தராசில் நிறை கூடும்போது வாங்குபவரின் முகம் எப்படி மாறுகிறது? எந்தச் சிற்றேட்டிலும் அச்சாகாத பாடங்கள் இவை. 1963க்குப் பின் கட்டாயமில்லாமற்போன கடையை, போட்டிக்கு முன் நாமாகவே மீண்டும் பாடத்துக்குள் கொண்டுவரலாம்.

போட்டியில் வெற்றி தோல்வி உண்டு. அது அன்றோடு முடிந்துவிடும். ஆனால் நம் பிள்ளைகள் நாளை வேலை நேர்காணலுக்குச் செல்வார்கள். வங்கியில் கடன் கேட்டு நிற்பார்கள். சிறு கடை வைத்து முதல் வாடிக்கையாளரை எதிர்கொள்வார்கள். அங்கெல்லாம் எதிரில் இருப்பவர் நாம் எழுதிக் கொடுத்த வினாவையே கேட்பார் என்று எந்த உறுதியும் இல்லை. எதிர்பாராத வினா வந்தால் வாயடைத்துப் போகாமல், கேட்டவர் முகம் பார்த்து, ஒரு கணம் நிதானித்து, பொருத்தமான விடை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, தான் எளிய குடும்பத்தில் பிறந்தது ஒரு தடையாகத் தோன்றாது. விற்கும் திறமை பிறவியில் வருவது என்று சொல்லப்பட்ட காலத்தில், எட்டு ஏழைப் பெண்களைக் கொண்டு அதைக் கற்பிக்க முடியும் என்று காட்டினார் பிரின்ஸ் அம்மையார். நம் வகுப்பறையில் பாகமேற்றல் நடக்கும் அந்த அரை மணி நேரத்தை விளையாட்டு நேரம் என்று எண்ணாமல், முழுப் பாடமாகவே நடத்துவோம்.